பழைய அக்கூஸ்டிக்கைக் கொடுத்துவிட்டு மேடைக் கிட்டார் வாங்கலாமா?

காட்பாடி ஜங்ஷன்:

வணக்கம். மூன்று வாரமாக ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

என்னிடம் இருப்பது டிரெட்நாட் என்கிற பெரிய உடம்புள்ள அக்கூஸ்டிக் (மின்சாரம் இல்லாமலே ஒலிக்கிற) கிட்டார். முன்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம், பின்னாலும் பக்கங்களிலும் ஒட்டுப்பலகை. ஆறு வருடத்துக்கு முன்பு 14,000 ரூபாய்க்கு, முதல் வேலையின் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியது. அப்புறம் மேடைக்காக அதிர்வை மின்சிக்னலாக்குகிற பிக்கப் ஒன்றை உள்பக்கம் ஒட்டி, அடியில் கேபிள் செருகுகிற ஜாக்குக்குத் துளையும் போட்டுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடகர் குழுவோடு வாசிப்பேன். அங்கே பெரிய தொல்லை இல்லை. ஒன்றரை வருடமாகக் கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா என்று ஒரு மெல்லிசைக் குழுவோடும் போகிறேன். தொல்லை அங்கேதான். ஜாக்கை, எல்லா ஒலியையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிற மிக்சரில் செருகினால் தகர டப்பாவில் கம்பி கட்டி வாசித்ததுபோல் கேட்கிறது. சத்தத்தை ஏற்றினால், ஏ கார்டு (ஒன்றாக மீட்டுகிற ஒரு சுரக்கூட்டு) பிடித்த உடனே 'ஊம்ம்' என்று ஊளை கிளம்புகிறது. போன மாதம் வாலாஜாவில் மணமக்கள் மேடையேறுகிற நேரத்தில் அந்த ஊளை வந்தது. முன்வரிசைப் பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

சென்னையில் ஒரு கடையில் விசாரித்தேன். மெல்லிய உடம்பு, உள்ளேயே பிரிஆம்ப் (பிக்கப்பின் சிக்னலை முதலில் பெருக்குகிற சர்க்யூட்) வைத்த மேடைக் கிட்டார் 27,000. என்னுடையதைக் கொடுத்தால் 4,500 கழிப்பார்களாம். கையில் 15,000 சேர்ந்திருக்கிறது. கொடுத்துவிடலாமா?

மேடைமணி, குடியாத்தம்:

கொடுத்துவிடுங்கள் தம்பி. யோசிக்க ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு வருடமாக மெல்லிசை மேடையில் ரிதம் கிட்டார் வாசிக்கிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, ஆரணி, செய்யாறு, அந்தப் பக்கம் சித்தூர் வரைக்கும் போகாத ஊர் இல்லை. முதல் நான்கு வருடம் நானும் பெரிய பெட்டியைத்தான் தூக்கிக்கொண்டு அலைந்தேன். உங்கள் வாலாஜா இரவு எனக்கு ஒடுகத்தூரில் நடந்தது.

அக்கூஸ்டிக்கின் முன்பலகை மூன்று மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். கம்பியின் சின்ன அசைவுக்கே அது துள்ள வேண்டும் என்று அப்படி இழைக்கிறார்கள். வீட்டில் அது வரம். மேடையில் காலடியில் நமக்குக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர், பக்கத்தில் டிரம்ஸ், பின்னால் பேஸ். அவ்வளவு சத்தமும் வந்து அந்தப் பலகையைத் தட்டுகிறது. கை படாமலே பலகை அதிரும், பிக்கப் அதை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பும், ஸ்பீக்கர் மறுபடி பலகையைத் தட்டும். சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையாகிறது. உங்கள் கைப்பழக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

இதைத் தீர்க்கக் கம்பெனிக்காரர்கள் எத்தனையோ காலமாக முயல்கிறார்கள். ஓவேஷன் 1966-இல் மரப் பின்பலகையை எடுத்துவிட்டுக் கிண்ணம்போல வளைந்த செயற்கைப் பின்புறத்தை வைத்தது. யமஹா 1987-இல் ஏ.பி.எக்ஸ். வரிசையை மேடைக்கென்றே மெல்லிய உடம்போடு கொண்டுவந்தது. பெட்டியே இல்லாமல் ஓரச் சட்டம் மட்டும் வைத்த சைலண்ட் கிட்டாரும் அவர்களுடையதுதான். அதில் ஊளையிடப் பலகையே கிடையாது. இவ்வளவு வழி இருக்கும்போது ஒவ்வொரு கச்சேரியிலும் பயந்துகொண்டே ஏ கார்டு பிடிப்பது எதற்கு?

ஈட்டிமரம், சத்துவாச்சாரி:

தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

பதினைந்து வருடமாகக் கிட்டார் ரிப்பேர் செய்கிறேன். இந்த மாதிரி 'கொடுத்துவிட்டேன், ஆனால்' என்று திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரே ஒரு கேள்வி. உங்கள் கிட்டாரில் 9 வோல்ட் பேட்டரி எங்கேயாவது இருக்கிறதா?

காட்பாடி ஜங்ஷன்:

இல்லை அண்ணே. ஒட்டின பிக்கப்பிலிருந்து ஒரு ஒயர் நேராக ஜாக்குக்கு வருகிறது. அங்கிருந்து கேபிள் நேராக மிக்சருக்கு.

ஈட்டிமரம், சத்துவாச்சாரி:

நினைத்தேன். பேட்டரி இல்லை என்றால் உள்ளே பிரிஆம்ப் இல்லை. தகர டப்பாச் சத்தம் கிட்டாரின் குற்றமே இல்லை.

நீங்கள் ஒட்டியிருப்பது பீசோ. அழுத்தத்துக்கும் அதிர்வுக்கும் மின்னழுத்தம் தருகிற பொருள். அதை வாங்கிக்கொள்கிற பக்கத்தில் குறைந்தது 1 மெகா ஓம் தடை இருக்க வேண்டும். மிக்சரின் லைன் துளையில் பெரும்பாலும் 10 கிலோ ஓம் அளவுதான் இருக்கும். வேண்டியதில் நூறில் ஒரு பங்கு. அப்படிச் செருகினால் கீழ்ச்சுருதி முழுக்க வடிந்துபோய் மேல் சத்தம் மட்டும் கிரீச்சென்று மிஞ்சும். இடையில் ஒரு பிரிஆம்ப், அல்லது 1 மெகா ஓம் உள்ள ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் (கிட்டாரை மிக்சருக்குப் பொருத்துகிற சின்னப் பெட்டி) வைத்தால் போதும். டி.ஐ. பாக்ஸுக்கு மிக்சரிலிருந்து வருகிற 48 வோல்ட் ஃபேண்டம் பவரே போதும், தனி பேட்டரிகூடத் தேவைப்படாது. இதற்கு ஆகிற செலவு எங்கே, 27,000 எங்கே?

ஊளைக்கும் மருந்து உண்டு. முன்பலகையின் நடுவில் இருக்கிற சவுண்ட்ஹோலை அடைக்கிற ரப்பர் மூடி சில நூறு ரூபாய்.

இன்னொன்று, அந்த 4,500. முழு ஸ்ப்ரூஸ் முன்பலகை உள்ள கிட்டார், ஆறு வருடம் வாசித்தது. அந்த விலைக்கு உங்களுக்கு ஒட்டுப்பலகைப் புதுக் கிட்டார்தான் கிடைக்கும். கடைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் துடைத்துக் கம்பி மாற்றி விற்று அதில் லாபம் பார்க்க வேண்டும். ஆனால் அந்த நஷ்டத்தை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? உங்கள் கிட்டாரின் விரல்பலகை (விரல் வைத்து அழுத்துகிற பலகை) ஈட்டி மரமாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். நம் ஊரில் ஈட்டி வெட்டுவதைக் கட்டுப்படுத்த 1994-இல் தனிச் சட்டமே போட்டார்கள். 2017-இல் உலக அளவில் ஈட்டி வகை மரங்களின் வியாபாரம் முழுக்கக் கட்டுப்பாட்டுக்குள் வந்து, 2019 கடைசியில்தான் இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் ஈட்டியை விட்டு வேறு மரத்துக்கு மாறின. கையில் இருக்கிற மரத்தின் அருமை தெரிந்துதான் கொடுக்க வேண்டும்.

மேடைமணி, குடியாத்தம்:

அண்ணன் சொல்வதில் டி.ஐ. பாக்ஸ் விஷயம் சரி. தகரச் சத்தம் அதில் போய்விடும். ஆனால் ஊளை போகாது. ரப்பர் மூடி நானும் போட்டுப் பார்த்தவன்தான். சின்ன மண்டபத்தில் கேட்கும். திறந்தவெளியில் இரண்டு பக்கமும் சப்-ஊஃபர் அடுக்கி, பறையும் எலக்ட்ரானிக் பேடும் சேர்ந்து அடிக்கும்போது மூடியும் அதிரும், பெட்டியும் அதிரும்.

மரத்தின் அருமை பற்றி ஒரு வார்த்தை. டிரெட்நாட் என்கிற அந்தப் பெரிய உடம்பே மரத்தின் பெருமைக்காக வந்ததில்லை. 1916-இல் மார்ட்டின் கம்பெனி அதைச் செய்தபோது, அதிகச் சத்தம் வேண்டும் என்றுதான் உடம்பைப் பெருக்கியது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரை அதற்கு வைத்தார்கள். அப்போது மேடையில் மைக் வழக்கமில்லை. அந்தத் தேவைக்கு அது சரியான கருவி. இன்று மிக்சர், பவர் ஆம்ப் எல்லாம் நம்மிடம் இருக்கிறது. சத்தத்துக்காகப் பெருக்கிய உடம்பை மைக் முன்னால் நிறுத்திவிட்டு, சத்தம் போடாதே என்று அதன் வாயை ரப்பரால் அடைக்கிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆல்டோ வரிசை, வேலூர்:

நான் கிட்டார் வாசிப்பவள் இல்லை, பாடுகிறவள். பதினோரு வருடமாக சி.எஸ்.ஐ. ஆலயப் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது தாழ்ந்த பெண்குரல். ஆனால் இந்தப் பேச்சில் கிட்டாரோடு சேர்ந்து பாடுகிறவர்கள் பக்கம் யாரும் இல்லையே என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி, டிசம்பரில் கேரல் ரவுண்டு போவீர்களா? நாங்கள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கிளம்பினால் நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவோம். தோட்டப்பாளையம், காந்தி நகர், பாகாயம் என்று ஒரு நாளைக்கு முப்பது நாற்பது வீடு. வாசலில் நின்று இரண்டு பாட்டு, ஜெபம், கேக், அடுத்த வீடு. மிக்சர் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது, சில தெருவில் விளக்கே கிடையாது. பனியில் குரல் கட்டிப்போயிருக்கும். அந்த நேரத்தில் எங்களைச் சுருதியில் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு பெரிய கிட்டார்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு எங்கள் குழுத் தம்பி ஒருவர் மெல்லிய கிட்டாரைக் கொண்டுவந்தார். பத்துப் பேர் பாட ஆரம்பித்ததும் அது கேட்கவே இல்லை. மூன்றாவது வீட்டுக்குள் நாங்கள் அரைச் சுருதி இறங்கிவிட்டோம். அடுத்த நாள் யாரிடமோ பழைய பெட்டிக் கிட்டாரைக் கடன் வாங்கி வந்தோம்.

பயிற்சியும் அப்படித்தான். கோட்டைக்குள் இருக்கும் 1846-ஆம் வருடத்து புனித ஜான் ஆலயத்தில் ஒருமுறை பாடினோம். அந்தக் கட்டடத்தில் மைக் போடாத ஒரு கிட்டார் போதும், கூரை அதைத் திருப்பித் தருகிறது. அந்தச் சத்தத்துக்கு நீங்கள் 4,500 ரூபாய் வாங்கப் போகிறீர்களா?

மேடைமணி, குடியாத்தம்:

அக்கா, கேரல் ரவுண்டு பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் அது பத்து இரவு. தம்பி வருடத்துக்கு எத்தனை கச்சேரி போகிறார் என்று கேளுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

போன வருடம் முப்பத்தாறு. ஒரு கச்சேரிக்கு 1,500 கிடைக்கும். கேரல் ரவுண்டு எங்கள் சபையில் எட்டு நாள். அக்கா சொன்னதுபோலத்தான், பெரிய கிட்டார்தான் எடுத்துப் போவேன். அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.

மேடைமணி, குடியாத்தம்:

முப்பத்தாறுக்கு எட்டு. அதுதான் என் கணக்கு. ஆடியில் கல்யாணம் இருக்காது என்று பார்க்காதீர்கள், அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிற ஊரெல்லாம் கச்சேரி வைக்கும். எல்லாம் திறந்தவெளி மேடை.

அப்புறம் பழைய கருவியை விடுவது பாவம் என்பதுபோல் ஒரு பேச்சு இங்கே வருகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸை நினைத்துப் பாருங்கள். ஜோடி ஜோடியாக எட்டுக் கம்பி உள்ள அக்கூஸ்டிக் மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைக் கம்பி உள்ள எலக்ட்ரிக் மாண்டலினுக்குப் போனார். போனதால்தான் அந்தக் கருவி கர்நாடக சங்கீத மேடையில் நிமிர்ந்து உட்கார்ந்தது. தனக்கு வேண்டியதை எந்தக் கருவி தருகிறதோ அதை எடுத்துக்கொண்டார்.

ஈட்டிமரம், சத்துவாச்சாரி:

இந்த உதாரணம் இங்கே பொருந்தாது. அவர் மாறியது ஊளைக்குப் பயந்து இல்லை. கமகத்துக்காக. அக்கூஸ்டிக் மாண்டலினில் ஓசை உடனே அடங்கிவிடும், ஜோடிக் கம்பியை இழுத்து வளைப்பதும் கஷ்டம். நீண்டு நிற்கிற நாதம் வேண்டும் என்பது அவருடைய சங்கீதத்தின் தேவை. எலக்ட்ரிக் அதைத் தந்தது. தம்பி மாறினால் அவருக்கு என்ன புதிதாகக் கிடைக்கும்? ஊளை போகும், அவ்வளவுதான். நாதத்தில் ஒன்றும் கூடாது, குறையத்தான் செய்யும்.

இதற்கு நெருக்கமான உதாரணம் வேண்டுமென்றால் வீணையைப் பாருங்கள். பெரிய சபைகளில் வீணைக்குக் காண்டாக்ட் மைக் ஒட்டுகிறார்கள். கடைசி வரிசைக்கும் கேட்கிறது, நல்லதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வீணை கேட்டுப் பழகினவர்களைக் கேளுங்கள். மீட்டுகிற நகத்தின் சத்தம் முன்னால் வந்து நிற்கும், குடத்தின் முழக்கம் பின்னால் போய்விடும். பீசோவும் அதையேதான் செய்கிறது. பலகையிலிருந்து காற்றுக்கு வரும் ஓசையை அது கேட்பதில்லை, பலகையில் தான் ஒட்டியிருக்கிற இடத்தின் அதிர்வை மட்டும் எடுக்கிறது.

மேடைமணி, குடியாத்தம்:

வரவேற்பில் பிரியாணிப் பந்திக்கு நடுவே குடத்தின் முழக்கத்தை யார் கேட்கப் போகிறார்கள் அண்ணே? அங்கே தாளம் தெளிவாகக் கேட்க வேண்டும், பாடகருக்குச் சுருதி கேட்க வேண்டும், ஊளை வரக் கூடாது. இந்த மூன்றும்தான் என் தொழில். அதைத் தாழ்வாக நினைக்கவில்லை.

ஈட்டிமரம், சத்துவாச்சாரி:

நானும் தாழ்வாகச் சொல்லவில்லை. உங்கள் கிட்டாருக்கு ஃபிரெட் (விரல்பலகையில் பதித்த உலோகப் பட்டை) மாற்றிக் கொடுத்தவன் நான்தான், எந்த அளவு தேய்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும். அவ்வளவு உழைப்பு. ஆனால் கேட்கிறவர் கவனிக்க மாட்டார் என்று நினைத்து வாசிக்க ஆரம்பித்தால், வாசிக்கிறவரின் காதும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். எனக்கு அந்தக் கவலைதான்.

ஆற்காடு ஆடியோ:

மிக்சருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். இரண்டு பேரும் சொல்வதில் பாதிப் பாதி சரி.

ஏ கார்டில் மட்டும் ஏன் ஊளை என்று யாரும் சொல்லவில்லையே. கிட்டார் பெட்டி ஒரு பானை மாதிரி. பானை வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் முழங்கும் இல்லையா, அதேபோல் டிரெட்நாட் பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸில் முழங்கும். ஐந்தாவது கம்பியை வெறுமனே மீட்டினால் 110 ஹெர்ட்ஸ். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. அதனால் ஏ கார்டு பிடித்ததும் பெட்டி விழித்துக்கொள்கிறது. ரப்பர் மூடி பானையின் வாயை மூடுகிறது, அதனால் வேலை செய்கிறது. ஆனால் முன்பலகைக்கே தனியாக இன்னொரு முழக்கம் 200 ஹெர்ட்ஸ் பக்கம் உண்டு. மூடி அதைப் பெரிதாகத் தொடாது. மேடைமணி அண்ணன் திறந்தவெளியில் பட்ட அவஸ்தைக்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

என் பக்கத்தில் செய்யக் கூடியது: கிட்டார் சேனலில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம், பேஸ் கிட்டார் இருக்கும்போது அந்த இடம் கிட்டாருக்குத் தேவையே இல்லை. ஊளையிடுகிற இடத்தை மட்டும் ஊசிபோல் மெலிதாகக் குறைக்கலாம். பிரிஆம்ப்பில் சிக்னலைத் தலைகீழாக்குகிற ஃபேஸ் பட்டன் இருந்தால் ஒருமுறை மாற்றிப் பார்க்கலாம், பல நேரம் அதிலேயே பாதி அடங்கும். மானிட்டரைக் கிட்டாரின் வாய்க்கு நேராக வைக்காமல் திருப்பலாம்.

ஆனால் இதையும் கேளுங்கள். கல்யாண வரவேற்பில் எனக்குச் சரிபார்க்கக் கிடைப்பது பத்து நிமிடம். பாடகர்கள் நான்கு பேர், டிரம்ஸ், பேடு, தபேலா, கீபோர்டு இரண்டு, பேஸ், நடுவில் பெண் வீட்டுப் பெரியவர் வாழ்த்துரைக்கு மைக் கேட்பார். உங்கள் 110 ஹெர்ட்ஸை ஊசி வைத்துத் தேட எனக்கு நேரம் கிடைக்காது. மூன்று குமிழ் மட்டும் உள்ள சின்ன மிக்சரில் அதைச் செய்யவும் முடியாது. அப்போது நான் செய்வது ஒன்றுதான்: கிட்டாரைக் குறைத்துவிடுவேன். நீங்கள் மேடையில் உயிரைக் கொடுத்து வாசிப்பீர்கள், வெளியே கேட்காது. என் மனதுக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் ஊளையைவிட மௌனம் மேல்.

இன்னொரு விஷயம், எந்தக் கிட்டார் வாங்கினாலும். ஜெனரேட்டரில் ஓடுகிற ஊர்த் திருவிழா மேடையில் எர்த் சரியில்லை என்றால், கம்பியில் விரலும் மைக்கில் உதடும் ஒன்றாகப் படும்போது சுரீரென்று அடிக்கும். உயிர் போகக் கூடிய விஷயம். வாசிக்கும் முன் எர்த் பார்த்தாகிவிட்டதா என்று சவுண்டுக்காரரிடம் கேளுங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம். இரைச்சல் வருகிறது என்று ஆம்ப் பிளக்கின் மூன்றாவது காலை யாராவது உடைத்திருந்தால் அதில் செருகவே செருகாதீர்கள். இரைச்சலுக்கு டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள்.

பாலாற்றங்கரை:

நடுவில் ஒரு வார்த்தை. மீதிக்குத் தவணை போடலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கச்சேரிப் பணம் மாதாமாதம் வராது. மார்கழியில் கல்யாணமே இல்லை, தவணை மட்டும் வரும்.

காட்பாடி ஜங்ஷன்:

எல்லாருக்கும் நன்றி. தவணை போட மாட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். இடையில் ஆக்டிவ் டி.ஐ. பாக்ஸ் ஒன்றும் ரப்பர் மூடி ஒன்றும் வாங்கினேன். போன ஞாயிறு ஆலயத்தில் போட்டு வாசித்தேன். ஈட்டிமரம் அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஸ்பீக்கரில் என் கிட்டாரின் சொந்தக் குரல் கேட்டது. நான்காம் கம்பி இவ்வளவு கனமாகப் பேசும் என்று எனக்கே தெரியாது. ஆராதனை முடிந்ததும் ஆர்கன் வாசிக்கிற ஐயா வந்து, கிட்டார் புதிதா என்று கேட்டார். ஊளை ஒரு இடத்தில்கூட இல்லை.

கடைக்குப் போன் செய்து, பழையதைக் கொடுப்பது பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஈட்டிமரம், சத்துவாச்சாரி:

மனது நிறைந்துவிட்டது தம்பி. ஆறு வருடம் இருந்த குரல்தான் அது.

மேடைமணி, குடியாத்தம்:

சந்தோஷம். ஆனால் ஆலயத்தில் கேட்டது மேடையில் கேட்காது என்று இன்னும் சொல்கிறேன். வாய்ப்பேச்சு வேண்டாம். கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்த வாரம் இங்கே பக்கத்து ஊரில் எங்கள் கச்சேரி. திறந்தவெளி. உங்கள் கிட்டாரை எடுத்துக்கொண்டு வாருங்கள், என்னுடைய மெல்லிய கிட்டாரும் இருக்கும். ஒரே பாட்டை இரண்டிலும் வாசியுங்கள். ஆற்காடு ஆடியோ தம்பிதான் அன்றைக்குச் சவுண்டு.

ஈட்டிமரம், சத்துவாச்சாரி:

கத்திரி வெயில் இன்னும் முடியவில்லை என்பதை மறக்காதீர்கள். மதியம் வேன் கூரையிலோ கார் டிக்கியிலோ கிட்டாரைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. சூட்டில் பசை இளகி, கம்பியின் இழுப்புக்கு, முன்பலகையில் கம்பிகளைப் பிடித்து வைக்கிற பிரிட்ஜ் பெயர்ந்து நிற்கும். மே மாதத்தில் எனக்கு வருகிற வேலையில் பாதி இதுதான். பயணத்தில் கம்பியை ஒரு சுருதி தளர்த்திக்கொள்ளுங்கள். நம் ஊர்க் காற்று இப்போது காய்ந்து கிடக்கிறது. துளை போட்ட சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து பெட்டிக்குள் வைத்தால் முன்பலகை வெடிக்காது. மழைக்காலம் வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும்.

காட்பாடி ஜங்ஷன்:

போய் வந்தேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

முதல் பாட்டு என் கிட்டாரில். மூடியும் போட்டு, டி.ஐ. பாக்ஸும் வைத்து. ஆரம்பத்தில் கிட்டார் மட்டும் தனியாக எட்டு அளவு (எட்டுத் தாளச் சுற்று) வரும் பாட்டு அது. அந்த எட்டு அளவும் அருமையாக இருந்தது, எனக்கே மெய் சிலிர்த்தது. பல்லவியில் டிரம்ஸும் பேஸும் சேர்ந்தன. அப்போதும் நின்றது. இரண்டாம் சரணத்தில் கூட்டம் எழுந்து ஆட ஆரம்பித்ததும் எல்லாச் சத்தமும் ஏறியது. ஏ கார்டு. 'ஊம்ம்.' வாலாஜாவில் வந்த அளவுக்கு இல்லை, ஆனால் வந்தது. ஆடியோ அண்ணன் கையை மேலே தூக்கிக் காட்டிவிட்டு என்னைக் குறைத்தார்.

அப்புறம் அதே பாட்டு, மேடைமணி அண்ணன் கிட்டாரில். எட்டு அளவு கொஞ்சம் ஒல்லியாக, நகச் சத்தத்தோடு இருந்தது. ஆனால் இரண்டாம் சரணம் வந்ததும் நான் பயப்படவில்லை. கச்சேரியில் பயமில்லாமல் ஏ கார்டு பிடித்தது அதுதான் முதல் தடவை. கை தானாக இறுக்கம் விட்டது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஆற்காடு ஆடியோ:

சாட்சி நான். எட்டு அளவுக்குத் தம்பியின் கிட்டார், மீதிப் பாட்டுக்கு அண்ணனின் கிட்டார். மிக்சரிலிருந்து கேட்டது இதுதான்.

மேடைமணி, குடியாத்தம்:

நானும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த எட்டு அளவை மேடைக்குக் கீழே நின்று கேட்டேன். என் கிட்டாரில் அது வராது. 4,500 ரூபாய் என்பது உங்களுக்கு மூன்று கச்சேரிப் பணம். அதற்காக அந்தக் கிட்டாரைக் கொடுக்க வேண்டாம், என் முதல் பேச்சைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் மேடைக்குத் தனிக் கருவி வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. எங்கள் குழுவில் முன்பு வாசித்த ஒருவர் ஆற்காட்டில் இருக்கிறார், துபாய் போகிறார். மெல்லிய உடம்பு, பிரிஆம்ப் உள்ள கிட்டார். 12,000 சொல்கிறார். உங்கள் கைப்பணத்துக்குள் அடங்கும்.

ஈட்டிமரம், சத்துவாச்சாரி:

பழைய மேடைக் கிட்டார் என்றால் நான் பார்க்காமல் வாங்காதீர்கள். நீங்களே பார்க்க வேண்டியதையும் சொல்கிறேன். நெக்கை ஓரக்கண்ணால் பாருங்கள், முறுக்கியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். லேசாக வளைந்திருந்தால் நெக்குக்குள் இருக்கிற டிரஸ் ராட் என்கிற உலோகக் கம்பியைத் திருகினால் சரியாகும், ஆனால் அந்தத் திருகு சுற்றுகிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள், பச்சையாகப் பூத்திருந்தால் பேட்டரி கசிந்து பிரிஆம்ப்பைத் தின்றிருக்கலாம். ஆம்பில் செருகி ஆறு கம்பியையும் ஒரே அழுத்தத்தில் ஒவ்வொன்றாக மீட்டுங்கள், ஒரு கம்பி மட்டும் அமுங்கிக் கேட்டால் சேடிலுக்கு (பிரிட்ஜில் கம்பிகள் உட்காருகிற பட்டைக்கு) அடியில் பீசோ சரியாக உட்காரவில்லை. ஜாக்கை அசைத்தால் கரகரப்பு வருகிறதா பாருங்கள். ஃபிரெட் தேய்மானம் பெரிய விஷயமில்லை, சமப்படுத்திக் கொடுத்துவிடுவேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும், சேடிலுக்கு அடியில் ஒரு நல்ல பிக்கப் போட்டு உங்கள் சொந்தக் கிட்டாரையே மேடைக்கு ஏற்றலாம் என்பதுதான் என் கட்சி. அதை விடவில்லை.

மேடைமணி, குடியாத்தம்:

திறந்தவெளியில் வராது அண்ணே.

ஆல்டோ வரிசை, வேலூர்:

தம்பி, டிசம்பருக்கு மட்டும் அந்த ரப்பர் மூடியைக் கழற்றிவிடுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:

கழற்றிவிடுகிறேன் அக்கா. கடைக்குப் போன் செய்து பழையதைக் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆற்காட்டுக் கிட்டாரைப் போய்ப் பார்த்தேன். நெக் நேராக இருக்கிறது, பேட்டரி அறை சுத்தம், மூன்றாம் கம்பி மட்டும் கொஞ்சம் அமுங்குகிறது. 11,000-க்கு இறங்கி வந்தார். முன்பணம் 1,000 கொடுத்திருக்கிறேன், ஈட்டிமரம் அண்ணன் பார்த்துச் சரி என்றால்தான் மீதி என்று பேச்சு.

ஈட்டிமரம், சத்துவாச்சாரி:

மூன்றாம் கம்பி சேடில் விஷயம்தான், அரை மணி நேர வேலை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் கொண்டுவாருங்கள், வெயில் ஏறும் முன். கம்பியைத் தளர்த்திக்கொண்டு வரவும். பெரியதையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள், ஜாக் துளைக்குப் பக்கத்தில் மரம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.